கத்தரி இலைக்கு மேக்கப் போட்ட கதை

எனக்குத் தொழில் போட்டோ எடுக்கிறது. கடை ஸ்ரீவில்லிபுத்தூர்ல, வீடு ராஜபாளையத்துல. இருபத்தாறு வருசமா கல்யாணம், நிக்காஹ், காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம்னு எடுத்துத் தள்ளியாச்சு. இம்புட்டு வருசத்துல ஒரு படத்தைக் கூட எடுத்தது எடுத்தபடியே யார் கையிலயும் குடுத்தது கிடையாது. கழுவாத தட்டைப் பந்தியில வைப்போமா? எனக்கு அது அப்படித்தான். கேமராவுல எடுக்கிறது பாதி வேலை. கம்ப்யூட்டர்ல உக்காந்து பருவை எடுத்து, கருவளையத்தைப் போக்கி, மூஞ்சியை ஒரு சுத்து வெளுப்பாக்கிக் குடுக்கிறது மீதிப் பாதி.

இந்தப் பக்கத்து ஆளுக எல்லாருக்கும் அது தெரியும். தெலுங்கு பேசுற வீட்டுக் கல்யாணமோ, தமிழ் வீட்டுக் கல்யாணமோ, எங்க ஆளுக நிக்காஹோ, எல்லா இடத்துலயும் பொண்ணோட சித்தியோ அத்தையோ மெதுவா என் பக்கத்துல வந்து, "பாய், பிள்ளை கொஞ்சம் மாநிறம். பாத்துச் செய்யுங்க"ன்னு காதுல போட்டுட்டுப் போவாவ. சொல்லாட்டியும் செஞ்சிருவேன். அதுல எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, பெருமையாவே சொல்லுதேன். மத்த கடைக்காரனுக மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கிருவானுக. பட்டுச்சேலை சாயம் போயி நிக்கும், வாசல்ல கட்டுன வாழைமரம் நரைச்சுப் போயிரும். நான் மூஞ்சியை மட்டும் ஓரம் பிசகாம வெட்டி எடுத்து, அதை மட்டும் தொடுவேன். சேலை, மாலை, நகை எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கும். அதனால யாருக்கும் சந்தேகமே வராது.

இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒரு பொம்பளையோட வயலுக்கே வினையா வந்துச்சு. அதை எழுதி வச்சிருவோம்னுதான் உக்காந்திருக்கேன். என் வீட்டுக்காரி, "வெக்கமில்லாம இதை வேற எழுதப் போறீகளா"ன்னு கேட்டா. வெக்கமாத்தான் இருக்கு. ஆனா முடிவு நல்லபடியா வந்ததால எழுதலாம்.

ஒரு நாள் காலையில கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு பொண்ணு வந்துச்சு. ஏதோ வேளாண்மைக் கல்லூரியில ஆராய்ச்சி படிக்குதாம், தூரத்து ஊரு. கையில ரோஸ் கலர்ல ஒரு பலகை. பிள்ளைக ஸ்லேட்டை விடக் கொஞ்சம் பெருசு. அது ஓரத்துல ரெண்டு வட்டம் ஒட்டியிருக்கு, ஒண்ணு மஞ்ச, ஒண்ணு பச்சை.

"அண்ணே, நீங்க இலையைப் போட்டோ எடுத்துத் தருவீங்களா?"

"எந்த இலைம்மா? பந்தி இலையா?"

அது சிரிக்கல. "கத்தரி இலை"ன்னுச்சு.

செடிக்குத் தழைச்சத்து குறைஞ்சா இலையில பச்சை குறையும். நைட்ரஜன்னு சொல்லுதோமே, யூரியாவுல இருக்குமே, அதுதான். எம்புட்டு குறைஞ்சிருக்குன்னு தெரியணும்னா இலையைப் பறிச்சு, காயவச்சு, அரைச்சு, லேப்ல குடுத்துப் பாக்கணும். முடிவு வர ஒரு மாசம் ஆயிரும், அதுக்குள்ள பயிரு ஒரு வழி ஆயிரும். அதனால இந்தப் பொண்ணு என்ன செய்யுதுன்னா, இலையை அந்தப் பலகையில வச்சு நல்ல கேமராவுல படம் எடுத்து, அது எம்புட்டு கரும்பச்சைன்னு கம்ப்யூட்டர்கிட்டக் கேக்குது. கம்ப்யூட்டர் ஒரு நம்பர் சொல்லும். நம்பர் ஒரு அளவுக்குக் கீழ இறங்கினா யூரியா போடணும், மேல இருந்தா வேண்டாம்.

"அந்த ரெண்டு வட்டம் எதுக்கும்மா?"

"ஒரு நாள் வெயில் அடிக்கும், ஒரு நாள் மேகமா இருக்கும். வெளிச்சம் மாறினா வட்டத்தோட கலரும் மாறும்ல? வட்டம் எம்புட்டு மாறியிருக்கோ அம்புட்டு இலையையும் திருத்திக்கிரும். படத்துல என்ன கோளாறு இருந்தாலும் வட்டம் காட்டிக் குடுத்துரும்ணே."

பொண்ணால மாசத்துக்கு ஒருக்காத்தான் வரமுடியும். ஆனா படம் வாராவாரம் வேணும். ஒரே கேமரா, ஒரே கை, சனிக்கிழமை காலை பத்து மணி. அதுக்குத்தான் ஆளு தேடி வந்திருக்கு. எனக்கு ஆசை வந்துருச்சு. இம்புட்டு நாளா மனுசப்பய மூஞ்சியையே எடுத்தாச்சு, செடியும்தான் எடுத்துப் பாப்போமேன்னு தோணுச்சு.

அது சொன்ன சட்டதிட்டம் இருக்கே, எங்க மாமியார் கூட அம்புட்டு சொன்னதில்ல. பிளாஷ் போடாதீங்க. கேமராவை ஆட்டோல வைக்காதீங்க. உங்க நிழல் பலகையில விழக் கூடாது. உச்சியில இருந்து நாலாவது இலை, முழுசா விரிஞ்ச இலையாப் பாருங்க. எல்லாம் சொல்லுச்சு. எடுத்த பொறவு படத்துல கை வைக்காதீங்கன்னு மட்டும் சொல்லல. எப்படிச் சொல்லும்? இலைக்கு மேக்கப் போடுற கிறுக்கன் ஒருத்தன் ஸ்ரீவில்லிபுத்தூர்ல கடை போட்டிருப்பான்னு அந்தப் பிள்ளை கனவுலயாவது நினைச்சிருக்குமா?

வயலு மகாராஜபுரத்துல. கிருஷ்ணன்கோவில்ல திரும்பி வத்திராயிருப்பு ரோட்டுல பைக்ல போவேன். காலையில மலை பக்கத்துல வந்து நிக்கும், காத்து குளுகுளுன்னு இருக்கும். கல்யாண மண்டபத்துப் புகையிலயே கிடந்தவனுக்கு அந்தச் சனிக்கிழமை ஒரு லீவு மாதிரிதான்.

வயலுக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுக்காரரு பட்டாளத்துல, வடக்கே பனிப் பக்கத்துல. வருசத்துக்கு ஒரு மட்டம் வருவாரு. நான் மொத நாள் போன அன்னைக்கே அந்தம்மா என்னைக் கேட்ட கேள்வி: "ஏன் பாய், கல்யாணத்துக்கு எடுக்கிற கேமராவுலயா எங்க கத்தரியை எடுக்கப் போறீக? அப்பச் செடிக்கு மாலை போட்டு நிறுத்தவா?"

வாயி அப்படி. ஆனா அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி ஒரு பெரிய கவலை இருந்துச்சு. அதை ரெண்டாவது வாரமே என்கிட்டச் சொல்லிருச்சு. இதுவரைக்கும் அந்த நிலத்தைப் பாத்தது புருசனோட தம்பி. இந்த வருசம் இது, "நானே பாக்கேன்"னு புருசன்கிட்டக் கேட்டிருக்கு. அவரு அரை மனசா, "சரி, இந்த ஒரு கத்தரி வெள்ளாமை பாரு. தேறுச்சுன்னா நிலம் உன் கையில. இல்லன்னா தம்பிகிட்டக் குடுத்துட்டுப் பேசாம இரு"ன்னுட்டாரு. கொழுந்தன் அன்னையிலருந்து வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருக்கான், எப்படா கவுறும்னு.

அரை ஏக்கரு. நடுவுல ஒரு வரப்பு. வடக்குப் பாதிக்கு எல்லாரும் போடுற மாதிரி நாள் கணக்குப் பாத்து யூரியா. தெக்குப் பாதிக்கு என் படம் சொன்னாத்தான் யூரியா. இது அந்தம்மாவே விரும்பி ஒத்துக்கிட்டது. "ஊரே கண்ணை மூடிக்கிட்டு அள்ளிப் போடுது பாய். நம்ம பாத்துப் போடுவோம்"னு சொல்லுச்சு.

மொத வாரம் எடுத்துட்டு வந்து கம்ப்யூட்டர்ல போட்டேன். பலகை அழகா விழுந்திருக்கு, வட்டம் ரெண்டும் கும்முன்னு இருக்கு. இலையைப் பாத்தா, அட, வண்டு தின்ன ஓட்டை! அஞ்சாறு ஓட்டை. நுனியில காய்ஞ்ச ஒரு பொட்டு. இதை இப்படியே அனுப்பினா கடைப் பேரு என்னாகிறது? கை தன்னால போயிருச்சு. பரு எடுக்கிற அதே கருவியை எடுத்து ஓட்டை எல்லாத்தையும் அடைச்சேன். இலையை மட்டும் ஓரம் பிசகாம வெட்டி எடுத்து, பச்சையை ஒரு சிட்டிகை ஏத்துனேன். பலகையைத் தொடல. வட்டத்தைத் தொடல. அதெல்லாம் சேலை, நகை கணக்கு, அதைத் தொட மாட்டேன்.

கடையில கல்லாப் பக்கம் உக்காந்திருந்த என் வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு, "என்னங்க, கத்தரிக்காய்க்கு வரன் பாக்கிறீகளா?"ன்னா.

"உனக்கு என்ன தெரியும், போடி"ன்னு சத்தம் போட்டேன். எனக்குச் சட்டுனு கோவம் வரும். தொழிலைப் பத்திப் பேசினா இன்னும் சட்டுனு வரும்.

மூணாவது வாரம் போறேன். தெக்குப் பாதி இலை லேசா வெளுத்திருந்துச்சு. எனக்கே தெரிஞ்சுச்சு. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தம்மா தனியாக் கிடந்து பாடுபடுது, அது செடி இப்படி இருக்கிறதைக் கல்லூரிக்காரவுக பாத்தா என்ன நினைப்பாவ? கல்யாணப் பொண்ணு வாடிப் போயி வந்து உக்காந்தா நம்ம விட்டுருவோமா? அந்த வாரம் பச்சையை ரெண்டு சிட்டிகை கூடவே ஏத்துனேன். நாலாவது வாரம் இன்னும் வெளுத்துச்சு, நான் இன்னும் ஏத்துனேன். உபகாரம் செய்யுதோம்னுதான் நினைச்சேன், அல்லா அறிய.

ஆராய்ச்சிப் பொண்ணு போன் போட்டுச்சு. "அண்ணே, படம் எல்லாம் அருமை. வட்டம் ரெண்டும் சுத்தமா இருக்கு. இலையில பச்சை குறையவே இல்ல. இன்னும் யூரியா தேவைப்படலன்னு அக்காகிட்டச் சொல்லிட்டேன்."

எனக்குத் தலை கால் புரியல. வீட்டுக்காரிகிட்டத் திரும்பி, "பாத்தியா, அருமைங்குது"ன்னேன். அருமைன்னு சொன்னது மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு. யூரியா தேவைப்படலன்னு சொன்னது விழவே இல்ல.

அந்த வாரம் வயல்ல அந்தம்மா இடுப்புல கை வச்சு நின்னுச்சு. "பாய், வடக்குப் பாதியைப் பாருங்க, தெக்குப் பாதியைப் பாருங்க. என் கண்ணுக்கு வெளுத்துத்தான் தெரியுது. அந்தப் பிள்ளை நல்லாருக்குங்குது. நான் போட மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன், மீறவும் மனசு வரல. நீங்கதான எடுக்கிறீக, நீங்க சொல்லுங்க."

நான் பெரிய மேதாவி மாதிரி, "ஏம்மா, கண்ணு ஏமாத்தும், கேமரா ஏமாத்தாது"ன்னேன். இப்ப நினைச்சாலும் என் வாயிலயே ரெண்டு போடலாம்னு வருது.

"என்னவோ போங்க. கொழுந்தன் பட்டாளத்துக்குப் போன் போட்டு எங்க வீட்டு அவியகிட்ட, 'மதினி வயலுக்கே வாரதில்ல, நிழல்ல உக்காந்து போட்டோ பாக்காவ'ன்னு சொல்லியிருக்கான்"னு சொல்லிச் சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே தன் போனை எடுத்து ஒரு செல்பி எடுத்துச்சு. வேர்வையும் மண்ணுமா நிக்கிற ஆளு போன்ல பாத்தா பால் கோவா மாதிரி இருக்கு. "பாருங்க பாய், இந்தப் போனே பவுடர் போட்டுரும். இதைத்தான் அவியளுக்கு அனுப்புவேன். நேர்ல வந்தா வேற யாரோன்னு திரும்பிப் போயிருவாவ." நானும் சிரிச்சேன். நல்ல போனுன்னு பாராட்டவும் செஞ்சேன்.

அஞ்சாவது வாரம் எடுத்துட்டு வந்த மறு திங்கக்கிழமை. அந்தம்மா ஏதோ விவசாயி அட்டைக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும்னு கடைக்கு வந்துச்சு. நான் கம்ப்யூட்டர்ல இலை வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். பின்னாடி நின்னு பாத்துட்டு, "யாரு தோட்டம் பாய் இது? செடி ஜம்முன்னு இருக்கே"ன்னு கேட்டுச்சு.

"யாரு தோட்டமா? உன் தோட்டம்தாம்மா."

"என் தோட்டமா? என் தோட்டத்துல வண்டு கடிக்காத இலை ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

எனக்கு அப்பவும் மண்டையில ஏறல. வேலைத்திறமையைக் காட்டணும்னு ஒரு கிறுக்கு. இடது பக்கம் எடுத்த படம், வலது பக்கம் நான் செஞ்ச படம், ரெண்டையும் சேத்துப் போட்டுக் காட்டுனேன். இடது பக்கம் எலுமிச்சங்காய் நிறத்துல வெளுத்து, ஓட்டை விழுந்த இலை. வலது பக்கம் கரும்பச்சையா, கண்ணாடி மாதிரி ஒரு இலை.

அந்தம்மா ரெண்டையும் மாறி மாறிப் பாத்துச்சு. "இந்த ஓட்டையெல்லாம் எங்க போட்டீக?"

"அடைச்சிட்டேன்."

"பச்சை?"

"ஏத்திட்டேன்."

பக்கத்துல கிடந்த ஸ்டூல்ல மெதுவா உக்காந்துச்சு.  பொறவு, "பாய், அந்தப் பிள்ளை இந்த வலது பக்கத்துப் படத்தைப் பாத்துட்டா உரம் வேண்டாம்னுச்சு?"ன்னுச்சு.

யா அல்லா. அப்பத்தான் நான் செஞ்சு வச்ச காரியம் எனக்கு உறைச்சுச்சு.

மனுசன் தப்புப் பண்ணிட்டா உடனே ஒத்துக்கிறானா? நானும் ஒத்துக்கல. குதிச்சேன். "எனக்கு யாரும் சொல்லலயே! கை வைக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நிழல் விழக் கூடாதுன்னு சொல்லத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியாதா?"ன்னு கடையே அதிரக் கத்துனேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு.  என் வீட்டுக்காரிதான் எந்திரிச்சு வந்து, ஒரு சொம்புத் தண்ணியை அந்தம்மா கையில குடுத்துட்டு, என்னைப் பாத்து, "கத்தி முடிச்சாச்சா? முடிச்சா போனை எடுங்க"ன்னா.

எடுத்தேன். ஆராய்ச்சிப் பொண்ணுகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னேன். எங்க கைய வச்சேன், எம்புட்டு ஏத்துனேன், எதுக்கு ஏத்துனேன், எல்லாம்.  "கேக்குதாம்மா?"ன்னேன்.

"இருக்கேண்ணே." பழைய படத்தை எல்லாம் தட்டிப் பாக்கிற சத்தம் கேட்டுச்சு. "அதான் வட்டம் காட்டிக் குடுக்கல. நீங்க வட்டத்தைத் தொடல. இலையை மட்டும் தொட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. நான் சுத்தமாச் செய்வேன்."

"தெரியுதுண்ணே." பொறவு, "எடுத்த படம் இருக்கா? தொடாத படம்?"

இருக்கு! அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. கல்யாண வீட்டுக்காரவுக மூணு வருசம் கழிச்சு வந்து படம் கேப்பாவன்னு, எடுத்தது எல்லாத்தையும் தனி டிஸ்க்ல போட்டு வைக்கிறது என் வழக்கம். அஞ்சு வாரத்துப் படத்தையும் அந்த நிமிசமே அனுப்புனேன். அந்தம்மா ஸ்டூல விட்டு எந்திரிக்கல. நாங்க மூணு பேரும் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். முக்கா மணி நேரம் கழிச்சுப் பொண்ணு கூப்பிட்டுச்சு. நம்பரு மூணாவது வாரமே கீழ இறங்கியிருச்சாம். ரெண்டு வாரமாச் செடி பட்டினி. பூ வைக்கப் போற நேரம். நாளைக்கே யூரியா போட்டுத் தண்ணி கட்டணும், இம்புட்டுன்னு அளவு சொல்லுச்சு.

"தேறிருமா பிள்ளை?" இதை அந்தம்மா கேட்டுச்சு.

"தேறணும்க்கா. பூ கொஞ்சம் பிந்தும்."

அந்தம்மா என்னைத் திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். திட்டல. வாசப்படி இறங்கும்போது மட்டும், "கொழுந்தனுக்கு நீங்களே நிலத்தை எழுதிக் குடுத்திருவீக போலயே பாய்"ன்னு சொல்லிட்டுப் போச்சு. 

மறுநாள் எனக்கு ராஜபாளையத்துல ஒரு வளைகாப்பு. கேமராவை வீட்டுக்காரி கையில குடுத்து, "நீ போய் எடு"ன்னுட்டேன். அவ என்னை விட நல்லா எடுப்பா, அது வேற விசயம், அவகிட்டச் சொல்லாதீக. நான் உரம் விக்கிற சொசைட்டி திறக்கிறதுக்கு முன்னாடியே போய் நின்னு, யூரியா மூட்டையைப் பைக்ல பின்னாடி கட்டிக்கிட்டு மகாராஜபுரம் போனேன். சட்டையெல்லாம் உரம். வரப்புல நின்ன கொழுந்தன், "என்ன பாய், போட்டோக் கடை உரக்கடை ஆயிருச்சா?"ன்னான். வாயை மூடிக்கிட்டுப் போனேன். என் வாழ்நாள்ல நான் பதில் பேசாமப் போன ஒரே இடம் அதுதான்.

அந்தம்மா மூட்டையைப் பிரிச்சு, செடிக்குச் செடி தூருல இருந்து கொஞ்சம் தள்ளி வச்சு, மண்ணை அணைச்சு, மோட்டாரைப் போட்டுத் தண்ணி கட்டுச்சு. நானும் கூட நின்னு வச்சேன். அரை நாள்ல எனக்கு இடுப்பு போச்சு. அந்தம்மா ஒரு நிமிசம் நிழலுக்குக் கூட ஒதுங்கல, உச்சி வெயில்ல நின்னுக்கிட்டே வேலை பாத்துச்சு. கழுத்துக்குப் பின்னாடி தோலு உரிஞ்சு கிடந்துச்சு, அன்னைக்குத்தான் பாத்தேன்.

பொறவு எனக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரிதான். சனிக்கிழமை போதும்னு பொண்ணு சொல்லுது. நான் நாள் விட்டு நாள் போய் எடுக்கேன். எடுத்தது எடுத்தபடி அனுப்புதேன். வண்டு ஓட்டையோட, தூசியோட, ஒரு நாள் பறவை எச்சத்தோட கூட அனுப்புனேன். "அண்ணே, எச்சம் விழாத இலையா எடுக்கலாம்ண்ணே"ன்னுச்சு. "எதையும் மாத்த மாட்டேன்"னு சத்தம் போட்டேன். அது சிரிச்சுச்சு. அந்தப் பிள்ளை சிரிச்சு அன்னைக்குத்தான் கேக்கேன்.

நாலு நாள் ஒண்ணும் தெரியல. ஆறாம் நாளும் அப்படியேதான். எனக்குத் தொழுகையில நிக்கும்போது கூடக் கத்தரி இலைதான் கண்ணு முன்னால வந்துச்சு. எட்டாம் நாள் போறேன், உச்சியில புதுசா விரிஞ்ச இலை மட்டும் பச்சை. கீழ எல்லாம் அதே மஞ்ச. படத்தை அனுப்பிட்டு வரப்புலயே உக்காந்துட்டேன். பத்து நிமிசத்துல பொண்ணு, "நம்பர் ஏறுதுண்ணே!"ன்னு கத்துச்சு. நான் அந்தம்மாவைப் பாத்து, "ஏறுதாம்மா!"ன்னு கத்துனேன். அது கையில இருந்த மண்வெட்டியைக் கீழ போட்டுட்டு, சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிருச்சு.

பூ பத்து நாள் பிந்தித்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு. காயும் வந்துச்சு. வடக்குப் பாதி இலையும் தழையுமா மதமதன்னு நின்னு, இருந்த வண்டையெல்லாம் தன் பக்கம் கூப்பிட்டுக்கிச்சு. தெக்குப் பாதி அளவா நின்னு காய்ச்சுச்சு. முதப் பறிப்புல ஒரு பை நிறையக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து என் மேசை மேல வச்சு, "பாய், இதுக்கும் மேக்கப் போட்டுராதீக, குழம்பு வைங்க"ன்னுச்சு. என் வீட்டுக்காரி சிரிச்ச சிரிப்பு இன்னும் அடங்கல.

ஆனா நிலத்து விசயம் அப்பவும் முடியல. காயி வந்தது சரி, புருசன் என்ன சொல்லுவாருன்னு தெரியல. கொழுந்தன் அங்க போன்ல, "வெள்ளாமையைப் பாத்ததெல்லாம் கூலி ஆளுகளும் போட்டோக்காரனும்தான். மதினி வயல்ல கால் வைக்கல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். அந்தம்மா, "பாய், வயல்ல நிக்கிற மாதிரி உங்க பெரிய கேமராவுல என்னை ஒரு படம் எடுத்துத் தாங்க. செடியும் தெரியணும், காயும் தெரியணும். அவியளுக்கு அனுப்பணும்"னு கேட்டுச்சு.

எடுத்தேன். கத்தரிச் செடி நடுவுல, கையில கூடை, பின்னால மலை. கடைக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டேன். செடி எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு, நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. கை தன்னால அந்தம்மா மூஞ்சிக்குப் போச்சு. ஓரம் வெட்ட ஆரம்பிச்சிட்டேன். நெத்தியில வரி, கன்னத்துல மங்கு, கழுத்துல தோலு உரிஞ்ச தடம். சட்டுனு அந்த ரெண்டு இலை ஞாபகம் வந்துச்சு. கையைச் சூடு பட்ட மாதிரி எடுத்துட்டேன். தொடாம அப்படியே அனுப்பிட்டேன்.

அரை மணி நேரத்துல போன் வந்துச்சு. "ஏன் பாய், உங்களுக்கு அறிவு இருக்கா?"

"என்னம்மா?"

"இலைக்குத்தான மேக்கப் வேண்டாம்னேன்? எனக்கும் வேண்டாம்னு சொன்னேனா? இம்புட்டு வருசமா ஊருக்கெல்லாம் செஞ்சீக, என் மூஞ்சி வந்ததும் நல்லவராயிட்டீகளா? நீங்க நல்லாத்தான் பண்ணியிருப்பீகன்னு பாக்காமலே அவியளுக்கு அனுப்பித் தொலைச்சிட்டேன். இப்பத்தான் பாக்கேன். கரிச்சட்டி மாதிரி நிக்கேன்!"

 வீட்டுக்காரி பக்கத்துல நின்னு, "நல்லா வேணும்"னா. எனக்குச் சொன்னாளோ, யாருக்குச் சொன்னாளோ தெரியல.

மூணு நாள் புருசன்கிட்ட இருந்து பதில் இல்ல. அங்க சிக்னல் கிடைக்காதாம். அந்த மூணு நாளும் அந்தம்மா எனக்குப் போன் போடல. சனிக்கிழமை கடைசிப் படம் எடுக்கப் போறேன், பயந்துக்கிட்டேதான் போறேன். வரப்புல உக்காந்திருந்துச்சு. பலகையை எடுக்கக் குனிஞ்சேன். "பாய், இதைக் கேளுங்க"ன்னு போனை நீட்டுச்சு.

புருசன் பேசி அனுப்புன குரல். காத்து இரைச்சலுக்கு நடுவுல பேசுதாரு.

"போட்டோ வந்துச்சு. பெருசு பண்ணிப் பாத்தேன். காயி நல்லாருக்கு." அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் காத்து. "ஏட்டி, என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்டே? கழுத்தெல்லாம் வெந்து கிடக்கு. வீட்டுக்குள்ளயே இருக்கேன்னு தம்பி சொன்னான், நானும் நம்பிட்டேன். அம்புட்டு வெயில்லயும் நீயாத்தான் நின்னியா?" மறுபடியும் காத்து. "தம்பிகிட்டப் பேசிட்டேன். நிலம் உன்கிட்டயே இருக்கட்டும். தலையில ஒரு துண்டாவது போட்டுக்க."

அந்தம்மா அதை ரெண்டாந்தரம் போட்டுக் கேட்டுச்சு. மூணாந்தரமும் கேட்டுச்சு. நான் பலகையைக் கையில வச்சுக்கிட்டு, இலையைப் பாக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். என் கண்ணும் சரியில்ல.

"பாய்."

"சொல்லும்மா."

"அந்தப் படத்தை நல்லாப் பெருசா பிரிண்ட் போட்டுக் குடுங்க. வீட்டுல மாட்டணும்." மூக்கைச் சேலைத் தலைப்புல துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, என்னைப் பாத்து விரலை ஆட்டுச்சு. "மூஞ்சியில கை வச்சீகன்னா பாத்துக்கோங்க."